வாப் தளங்களும் ஏழாம் எண் அறையும்

சங்கச் செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டார். "அண்ணே, மலருக்கு ஒரு கட்டுரை வேணும். வழக்கம்போல கேன்டீன், ஸ்டிரைக், ஆண்டு விழான்னு எழுதாதீங்க. இப்ப படிக்கிற பசங்களுக்கும் பிரயோஜனமா ஏதாவது சரித்திரம் எழுதுங்க" என்றார். சரித்திரம் எழுத நான் யார்? 2004 முதல் 2007 வரை இக்கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவன். மூன்று வருடமும் விடுதியில் ஏழாம் எண் அறையில் கிடந்தவன். அவ்வளவுதான். ஆனாலும் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராத ஒரு சரித்திரம் எனக்குக் கொஞ்சம் தெரியும். போனில் ஆப் கடை வருவதற்கு முன்னால், போனுக்கு வேண்டியதை நாம் எங்கிருந்து இறக்கினோம், எப்படிப் பகிர்ந்துகொண்டோம் என்ற கதை அது. அதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு சுயநலமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சீட்டுக்கட்டாக வந்த வலைப்பக்கம்

போனில் இணையம் என்ற எண்ணம் 1990-களின் கடைசியில் பிறந்தது. எரிக்சன், மோட்டோரோலா, நோக்கியா, அன்வயர்டு பிளானட் ஆகிய நான்கு நிறுவனங்கள் 1997-ல் சேர்ந்து 'வாப் ஃபோரம்' என்ற அமைப்பைத் தொடங்கின. மறு ஆண்டே வாப் முறையின் முதல் விதிகள் வெளியாகின. அந்த நாள் போனின் திரை தீப்பெட்டி அளவுதான். நினைவகமும் குறைவு, அலைவரிசையும் மெதுவு. கணினிக்காக எழுதிய பக்கத்தை அதில் திறக்க முடியாது. ஆகவே வலைப்பக்கத்தை எழுதவே டபிள்யூ.எம்.எல். என்று தனி மொழி ஒன்று செய்தார்கள். அதில் ஒரு கோப்புக்கு 'டெக்' என்று பெயர், அதாவது சீட்டுக்கட்டு. ஒவ்வொரு திரையும் ஒரு 'கார்டு', அதாவது ஒரு சீட்டு. ஒரே தடவையில் கட்டு முழுவதும் இறங்கிவிடும். அதன்பின் பட்டனைத் தட்டத் தட்ட ஒவ்வொரு சீட்டாகப் பார்க்கலாம். மறுபடி மறுபடி நெட்வொர்க்கைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இன்று நினைத்தாலும் கெட்டிக்கார யோசனைதான்.

இதே சமயத்தில் ஜப்பான் வேறு வழியில் போனது. என்.டி.டி. டோகோமோ நிறுவனம் 1999 பிப்ரவரியில் 'ஐ-மோட்' சேவையைத் தொடங்கியது. வழக்கமான வலைப்பக்க மொழியையே சுருக்கிப் பயன்படுத்தினார்கள். படம், ரிங்டோன், ஜாதகம், ரயில் நேரம் எல்லாம் சின்னச் சின்ன நிறுவனங்கள் விற்றன. பணத்தை டோகோமோ போன் பில்லோடு சேர்த்து வாங்கி, நூற்றுக்கு 9 மட்டும் தன் கமிஷனாக எடுத்துக்கொண்டது. இந்த 9 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

64 கிலோபைட்டுக்குள் ஒரு விளையாட்டு

பக்கம் பார்ப்பது ஒன்று, புரோகிராம் இறக்குவது இன்னொன்று. இரண்டாவதற்கு வழி செய்தது ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999-ல் சிறு கருவிகளுக்கான ஜாவாவை அறிவித்தது; செல்போனுக்கான விதிமுறை 2000-ல் வந்தது. நாம் இறக்கியது இரண்டு கோப்புகள். ஒன்று 'ஜாட்'. அதில் புரோகிராமின் பெயர், பதிப்பு, எத்தனை பைட் என்ற விவரம் மட்டும் இருக்கும். போன் அதைப் படித்துவிட்டு, "இடம் இருக்கிறது, இறக்கலாமா?" என்று கேட்கும். சரி என்றால் இரண்டாவதான 'ஜார்' இறங்கும். நோக்கியாவின் ஆரம்ப கால வண்ணத்திரை போன்கள் பலவற்றில் ஒரு ஜார் கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. படம், சத்தம், கணக்கு எல்லாம் அதற்குள். இன்று நாம் வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது!

எழுதுகிறவனுக்கு இன்னொரு தலைவலி இருந்தது. ஒரு போனின் திரை 128-க்கு 128 புள்ளி, இன்னொன்று 176-க்கு 208, வேறொன்று 240-க்கு 320. ஒரே விளையாட்டைப் பல அளவில் வெட்டித் தைக்க வேண்டும். ஒவ்வொரு மாடலையும் விலைகொடுத்து வாங்கிச் சோதிக்கச் சாதாரண ஆளால் முடியுமா? இந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்ததுதான் கெட்ஜார். லிதுவேனியா நாட்டில் இல்யா லவுர்ஸ் என்பவர் 2004-ல் தொடங்கினார். முதலில் அது கடையே இல்லை. எழுதியவர் புரோகிராமைப் போட்டு வைப்பார். உலகத்தில் யாரிடம் எந்தப் போன் இருக்கிறதோ அவர் இறக்கிப் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்று சொல்வார். சோதனைக்காகத் திறந்த கதவு வழியாகக் கூட்டம் உள்ளே வந்தது. 2010 வாக்கில் அங்கிருந்து இறங்கிய கோப்புகளின் எண்ணிக்கை நூறு கோடியைத் தாண்டிவிட்டது. அதேபோல நார்வேயில் 2003-ல் தொடங்கிய ஸெட்ஜ், ரிங்டோனும் வால்பேப்பரும் பகிர்கிற இடமாக வளர்ந்தது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. முரசு அஞ்சல் தந்த மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005-ல் சிங்கப்பூரில் வெளியானது. போன் கம்பெனிகள் தமிழ் எழுத்தைத் தரும்வரை காத்திருக்காமல், ஒரு செயலியை இறக்கிக்கொண்டு அதன்மூலம் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்பினார்கள். தமிழை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை, நாம்தான் இறக்கிக்கொண்டோம். வெளியிலிருந்து ஒரு புரோகிராமை உள்ளே போட முடிந்ததால்தான் அது நடந்தது.

பத்து கிலோபைட்டுக்குப் பத்து பைசா

இனி ஏழாம் எண் அறைக்கு வருவோம். எங்கள் செட்டில் ஒருவனிடம் மட்டும்தான் நோக்கியா 6600 இருந்தது. மற்றவர்களிடம் இருந்தது 1100. அதில் டார்ச்லைட்டும் பாம்பு விளையாட்டும்தான். ஆகவே அந்த ஒரு 6600 விடுதியின் பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஜி.பி.ஆர்.எஸ். கட்டணம் அப்போது பெரும்பாலும் 10 கிலோபைட்டுக்கு 10 பைசா. 300 கிலோபைட் விளையாட்டு ஒன்றை இறக்கினால் மூன்று ரூபாய். மெஸ்ஸுக்கு வெளியே ஒரு டீ, ஒரு வடை. பாதியில் சிக்னல் போனால் அதுவும் நஷ்டம். அதனால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறக்குவோம். ஒருவன் சதவிகிதம் சொல்லுவான். "அறுபது... அறுபத்தஞ்சு... டேய் அசையாதடா!"

ஒரு தடவை இறங்கிவிட்டால் பிறகு செலவில்லை. புளூடூத்தில் அறைக்கு அறை போகும். அடுத்த வருடமே இன்னும் பத்துப் பேரிடம் அப்படிப்பட்ட போன்கள் வந்துவிட்டன. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது, நம் ஊரில் செய்த போன் என்று பெருமையாகக் கூடப் பேசிக்கொண்டோம்.

அதே 2006 ஜனவரியில் ஓபரா மினி உலகம் முழுவதும் வெளியானது. நாம் கேட்கும் பக்கத்தை ஓபராவின் சர்வரே எடுத்து, சுருக்கிப் பிழிந்து, சக்கையை விட்டுச் சாற்றை மட்டும் அனுப்பும். பத்து ரூபாய் ஆகிற இடத்தில் ஒன்றிரண்டு ரூபாயில் வேலை முடிந்தது. தமிழ்ப் பக்கம் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும். பிற்பாடு அதற்கும் வழி வந்தது. முகவரி இடத்தில் 'ஓபரா கான்ஃபிக்' என்று அடித்து, கடைசியில் உள்ள ஒரு வரியை 'யெஸ்' என்று மாற்றினால், சர்வர் தமிழ் எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பிவிடும். இந்த வித்தை எத்தனை பேர் வாய்வழியாகப் பரவியது என்பதற்குக் கணக்கே கிடையாது.

துறைக்கு ஒரு தளம்

இறக்குவதோடு நாங்கள் நிற்கவில்லை. வாப்கா, எக்ஸ்டிஜெம், பெப்பரோனிட்டி போன்ற இடங்களில் போனிலிருந்தே இலவசமாகச் சொந்தத் தளம் கட்டலாம். கணினி வேண்டாம், காசு வேண்டாம். உலகம் முழுவதும் கல்லூரிப் பையன்கள் கட்டியதால் ஆயிரக்கணக்கான குட்டித் தளங்கள் முளைத்தன. எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் 2006-ல் இப்படியொரு இலவச இடத்தில் நம் துறைக்குத் தளம் கட்டினான். ஐந்து வருட வினாத்தாள், பஸ் நேரம், ஆண்டு விழாப் படம் என்று போட்டு வைத்தான். ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண் தெரியும்.

2007 மார்ச்சில் எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் சார் பேசப் போகிறார் என்றதும் பதிவு செய்ய ஆசைப்பட்டோம். 6600-ல் இருந்த ரெக்கார்டர் ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். ஆகவே நீளமாகப் பதிவு செய்கிற சின்னச் செயலி ஒன்றை முந்தின நாள் ராத்திரி மொட்டை மாடியில் இறக்கினோம். சார் 25 நிமிடம் பேசினார். நிமிடத்துக்கு 90 கிலோபைட் வீதம், ஐந்து பகுதியாக வெட்டித் தளத்தில் ஏற்றினோம். ஏற்றிய செலவு இருபத்திரண்டு ரூபாய் சொச்சம். ஏழு பேர் போட்டுக் கொடுத்தோம்.

திருட்டும் வைரசும்

அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதினால் பொய். நாங்கள் இறக்கியதில் பாதிக்குமேல் பூட்டை உடைத்த விளையாட்டுகளும் சினிமாப் பாட்டுகளும்தான். அதை எழுதியவனுக்கும் பாடியவனுக்கும் நாங்கள் காலணா கொடுக்கவில்லை. அப்போது அது திருட்டாகத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

வைரசும் வந்தது. 2004 ஜூனில் வெளிப்பட்ட 'கேபிர்' புளூடூத் வழியாகப் போனுக்குப் போன் தாவியது. அதே ஆண்டின் கடைசியில் வந்த 'ஸ்கல்ஸ்', தீம் மாற்றுகிற புரோகிராம் என்று வேஷம் போட்டுக்கொண்டு டவுன்லோட் தளங்களில் உட்கார்ந்திருந்தது. போட்டதும் எல்லா ஐகானும் மண்டையோடாக மாறிவிடும். பேசுவதைத் தவிர வேறெதற்கும் போன் ஆகாது. 2006-ல் ரஷ்யாவில் 'ரெட்பிரவுசர்' வந்தது. இலவசமாக வாப் பார்க்கலாம் என்று ஆசைகாட்டி, அதிகக் கட்டண எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பவைத்தது. எனக்கே ஒரு தடவை, தெரியாமல் தட்டிய ஒரு 'ஓகே'வுக்கு முப்பது ரூபாய் பேலன்ஸ் போயிற்று. கஸ்டமர் கேரில் பாட்டுதான் கேட்டேன், பணம் வரவில்லை. இப்படிப்பட்ட சேவைகளுக்கு வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்று டிராய் 2013-ல் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் ஓரளவு அடங்கியது.

இதற்கெல்லாம் பதிலாகத்தான் சிம்பியன் போன்களில் கையொப்பம் கேட்கும் முறை வந்தது. சான்றிதழ் காலாவதியாகி இருந்தால் செயலி ஏறாது. நம்மவர்கள் விடுவார்களா? போனின் தேதியை ஒரு வருடம் பின்னால் தள்ளி வைத்து ஏற்றிவிடுவார்கள்!

கடைகள் வந்தன, கதவுகள் மூடின

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று 500 செயலிகளோடு திறந்தது. அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட், 2009 மே மாதம் நோக்கியாவின் ஓவி ஸ்டோர். வைரஸ் பயம் குறைந்தது, எழுதியவனுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. இரண்டுமே நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வாசலில் காவலாள் உட்கார்ந்ததும் காவல் கூலியும் வந்தது. டோகோமோ எடுத்த 9 ஞாபகம் இருக்கிறதா? ஆப்பிள் எடுத்தது நூற்றுக்கு 30. ஐபோனில் கடைக்கு வெளியே இருந்து சாதாரணமாக எதையும் ஏற்ற முடியாது என்றும் ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் 2024 மார்ச்சில்தான், அதுவும் அங்கே மட்டும், வேறு கடைகளுக்கு ஆப்பிள் இடம் விட்டது.

வலைப்பக்கத்தின் கதையும் மாறியது. 2008 ஜூலையில் டபிள்யூ3சி வெளியிட்ட மொபைல் வழிகாட்டி, பக்கம் 20 கிலோபைட்டுக்குள் இருக்கட்டும் என்றது. 2010-ல் ஈதன் மார்க்காட் என்பவர், ஒரே பக்கம் திரைக்கேற்றபடி தானே மடங்கி விரியும் முறையை எழுதினார். 2015 ஏப்ரலில் கூகுள், போனில் ஒழுங்காகத் தெரியும் பக்கங்களுக்கு மொபைல் தேடலில் முன்னுரிமை கொடுத்தது. அதன்பின் போனுக்கென்று தனித் தளம் எதற்கு?

ஒவ்வொன்றாக மூடினார்கள். 2014 ஜனவரியோடு நோக்கியா கடை சிம்பியனுக்குப் புதுச் செயலி வாங்குவதை நிறுத்தியது. அந்த வருடமே நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் நின்றது. வேலை இழந்தவர்களில் நமக்குத் தெரிந்த குடும்பங்களும் இருக்கலாம். கோப்புப் பகிர்வில் கொடிகட்டிய ரேபிட்ஷேர் 2015 மார்ச்சோடு மூடியது. புளூடூத்துக்குப் பதிலாக வந்த ஷேரிட், ஸெண்டர் ஆகியவற்றையும், அவற்றோடு யூசி பிரவுசரையும் 2020 ஜூன் 29 அன்று நம் அரசு தடை செய்தது. ஒவ்வொரு கதவு மூடும்போதும் உள்ளே இருந்த கோப்புகளை யார் எடுத்து வைத்தார்கள்? பெரும்பாலும் யாருமில்லை.

மூன்றாம் பகுதி

எங்கள் துறைத் தளமும் அப்படித்தான் போயிற்று. ஒருநாள் வேலைக்கு நடுவே ஞாபகம் வந்து முகவரியை அடித்தேன். பக்கம் இல்லை. தளத்தைக் கட்டிய நண்பனிடம் கேட்டேன். "நானே பாத்து மூணு வருஷம் ஆச்சு மச்சான், பாஸ்வேர்டே மறந்துபோச்சு" என்றான். யார் மேலும் குற்றமில்லை. இணையத்தில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

துறைத் தலைவர் சார் இன்று நம்மிடையே இல்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது அம்மா, "நீங்கள்லாம் சார் பேசினத பதிவு பண்ணீங்களேப்பா, அது இருக்கா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரியே வகுப்பு முழுவதும் போன் போட்டோம். கடைசியில் மதுரையில் இருக்கும் ஒருவன், பழைய எம்.எம்.சி. மெமரி கார்டு ஒன்றை மேசை இழுப்பறையில் கண்டுபிடித்தான். அதற்கேற்ற ரீடரைத் தேடி, கணினியில் போட்டுப் பார்த்தால், ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என நாலு பகுதிகள் இருந்தன. அவன் தளத்திலிருந்து இறக்கியவன்கூட இல்லை; யாரோ புளூடூத்தில் அனுப்பியதை அழிக்காமல் வைத்திருந்தவன். பதினெட்டு ரூபாய்க் கோப்பு! அந்த ஒலிவகை இன்றைய கணினியிலும் பாடுகிறது. அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டாம் பகுதி முடிகிற இடத்தில் சார் சொல்கிறார்: "புரோகிராம் எழுதுறவன் தன் பேரை எழுதலைன்னாலும் பரவாயில்ல, அடுத்து வர்றவனுக்குப் புரியறமாதிரி ஒரு வரி குறிப்பு எழுதிட்டுப் போகணும். ஏன்னா..." அதோடு அறுந்துவிடுகிறது. ஏன் என்பது மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அந்த மண்டபத்தில் உட்கார்ந்து கேட்ட எங்களில் ஒருவருக்கும் அது இப்போது ஞாபகம் இல்லை.

நான் கடைசியாகத் தளத்தைப் பார்த்தபோது மூன்றாம் பகுதிக்கு நேரே 41 என்ற எண் இருந்தது. நாற்பத்தொரு பேர் இறக்கி இருக்கிறீர்கள். இதுதான் நான் முதலில் சொன்ன சுயநலம். 2005-லிருந்து 2010 வரை இங்கே படித்த நண்பர்களே, பரணில், பீரோவில், அம்மா வீட்டு டப்பாவில் பழைய போனோ மெமரி கார்டோ இருந்தால் தயவுசெய்து ஒன்றுகூடலுக்கு எடுத்து வாருங்கள். வேலை செய்யாத போனாக இருந்தாலும் கார்டு பிழைத்திருக்கும். பதிவு மேசைக்குப் பக்கத்தில் ரீடரும் மடிக்கணினியும் வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்திருப்பேன். சார் குரல் மட்டுமல்ல, பழைய விழாப் படம், கேன்டீன் சத்தம், நீங்களே எழுதிய ஜார் கோப்பு எதுவானாலும் நகல் எடுத்துத் துறை நூலகத்தில் இரண்டு இடத்தில் வைக்க ஏற்பாடாகியிருக்கிறது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு நாங்கள் பட்ட கஷ்டம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கை தூக்கி நிற்க வேண்டாம். ஆனால் நீங்கள் பகிர்வது பெரும்பாலும் லிங்க்தான், கோப்பு அல்ல. கணக்கு மூடினால், கம்பெனி மூடினால், பாஸ்வேர்டு மறந்தால் லிங்க் செத்துவிடும். உங்கள் ஆசிரியர் பேசுவதை, உங்கள் நாடகத்தை, நீங்கள் எழுதிய புரோகிராமை ஒரு பிரதி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதியை நண்பனிடம் கொடுங்கள். கூடவே தேதி, இடம், பேசியது யார் என்று ஒரு வரி குறிப்பும் எழுதி வையுங்கள்.

விழாவில் சந்திப்போம். கார்டை மறந்துவிடாதீர்கள்.